சாப்பிடச் சாப்பிட கலோரி குறையுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 'நெகட்டிவ் கலோரி உணவு' என்ற விளம்பரத்தைப் பார்த்து செலரி என்ற மேல்நாட்டுக் கீரைத்தண்டின் பொடியை ஆன்லைனில் வாங்கினேன். 100 கிராம் டப்பா 899 ரூபாய். செலரியில் இருக்கும் கலோரியைவிட அதைச் செரிக்க உடம்பு செலவழிக்கும் கலோரி அதிகமாம், அதனால் எடை தானாக இறங்குமாம். தினமும் காலையில் ஒரு ஸ்பூன் பொடியைத் தேன் கலந்து குடிக்கிறேன். இரண்டு மாதத்தில் மூன்று டப்பா காலி, எடை அப்படியே இருக்கிறது. டப்பாவின் பின்னால் 100 கிராமுக்கு 298 கிலோ கலோரி என்று போட்டிருக்கிறது. இப்படி ஓர் உணவு உண்மையிலேயே உண்டா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? – வாசகி, மதுரை

பதில்: அப்படி ஓர் உணவு இல்லை. பணத்தைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஏமாந்துவிட்டோமே என்று மனம் நோகாதீர்கள். இந்தக் கதையில் பாதி உண்மை கலந்திருப்பதால்தான் படித்தவர்களும் நம்பிவிடுகிறார்கள்.

சாப்பாட்டைச் செரிக்க உடம்பு கலோரி செலவழிக்கத்தான் செய்கிறது (பேச்சில் 'கலோரி' என்பதும் டப்பாவில் போடும் 'கிலோ கலோரி'யும் ஒன்றுதான்). மெல்வதற்கு, குடல் அசைவதற்கு, சத்தை உறிஞ்சிச் சேர்த்து வைப்பதற்கு என்று எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. கொழுப்பில் இருக்கும் கலோரியில் 3 சதவீதம் வரை, மாவுச்சத்தில் 5 முதல் 10, புரதத்தில் 20 முதல் 30 சதவீதம் இப்படிப் போய்விடும். எல்லாம் கலந்த நம் சாப்பாட்டுக்குச் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு. நூறு ரூபாய் கூலிக்குப் போய்வர பத்து ரூபாய் பஸ் செலவு ஆகிற மாதிரி.

செலரி 100 கிராமில் 95 கிராம் தண்ணீர்தான், கலோரி வெறும் 14. வரவு இவ்வளவு சொற்பம் என்றால் செலவு அதைத் தாண்டிவிடும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் செரிப்பதற்குக் கொஞ்சமே இருக்கும்போது செரிக்கும் செலவும் கொஞ்சம்தான். புரதத்துக்கு ஆகும் 30 சதவீதத்தையே செலரிக்கும் போட்டுக் கணக்குப் பார்த்தாலும் செலவு 4 கலோரி, மீதி 10 கலோரி உடம்பில் தங்கும்.

இதை நேராகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காயும் பூச்சியும் தின்னும் ஓணான் இனம் ஒன்றுக்குச் செலரியை மட்டும் கொடுத்து, அது எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறது, கழிவில் எவ்வளவு போகிறது என்று அளந்தார்கள். 2019இல் முடிவு வெளியானது. செரிமானத்துக்கு 33 சதவீதம் போனது, கழிவோடு 43 சதவீதம் போனது. மிச்சம் 24 சதவீதம் ஓணானுக்குச் சேர்ந்தது. மனித உடம்பு வேறுதான், ஆனாலும் இந்த நம்பிக்கைக்கு இவ்வளவு நேரடியான சோதனை அரிது. அதிலும் கணக்கு வரவில்தான் முடிந்தது.

இப்போது உங்கள் டப்பாவைப் பாருங்கள். செலரியைக் காயவைத்துப் பொடித்தால் அந்த 95 கிராம் தண்ணீரும் போய்விடும். 100 கிராம் பொடி கிடைக்க ஏறக்குறைய 2 கிலோ செலரி வேண்டும், அதன் கலோரி முழுவதும் அந்தச் சின்ன டப்பாவுக்குள் வந்துவிடும். பின்னால் இருக்கும் 298 என்ற எண் அதைத்தான் சொல்கிறது. முன்பக்க விளம்பரத்தைப் பொய்யாக்கும் ஆதாரம் அதே டப்பாவின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. நீங்கள் போட்டுக்கொண்ட ஒரு ஸ்பூன் பொடியில் 15 கலோரி, தேனில் 20. தினமும் 35 கலோரி கூடத்தான் சேர்ந்திருக்கிறது.

பணத்தைப் பற்றி. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகளின்படி, 'குறைந்த கலோரி' என்று போடுவதற்கே திட உணவில் 100 கிராமுக்கு 40 கிலோ கலோரிக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் பொடி அதைப்போல ஏழு மடங்குக்கும் மேல். முதலில் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், டப்பாவின் இரண்டு பக்கப் படங்கள் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். விளம்பரத்தை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்பதால் இதை இன்றைக்கே செய்துவிடுங்கள். அப்புறம் விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 'வெறும் 2,697 ரூபாய்தானே' என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கலோரியை எரிக்கும் கிரீன் டீ பானங்கள் என்று விற்கிறார்களே, அவை எப்படி? – வாசகர், திருச்சி

பதில்: இதற்கு ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். கோகோ கோலாவும் நெஸ்லேவும் சேர்ந்து 2006இல் அமெரிக்காவில் 'என்விகா' என்ற கிரீன் டீ பானத்தைக் கொண்டுவந்தன. ஒரு கேனில் 5 கலோரி, கூடவே 100 மில்லிகிராம் காஃபீன். ஒரு நாளில் மூன்று கேன் குடித்தால் 60 முதல் 100 கலோரி எரியும் என்றது விளம்பரம். நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது, மாநில அரசுகளும் விசாரித்தன. கடைசியில் 2009இல், 20க்கும் மேற்பட்ட மாநிலங்களோடு சமரசம் செய்துகொண்டு அந்த நிறுவனங்கள் 6.5 லட்சம் டாலர் கட்டின. காஃபீன் உடம்பின் ஆற்றல் செலவைச் சற்றுக் கூட்டும் என்பது சரி. ஆனால் அந்தச் சிறு ஏற்றத்தை நம்பி எடை குறையும் என்று காத்திருந்து காசு செலவழிக்காதீர்கள்.

கேள்வி: ஐஸ் தண்ணீர் குடித்தால் உடம்பு சூடேற்றக் கலோரி செலவழிக்குமாமே? – வாசகர், திருப்பூர்

பதில்: செலவழிக்கும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1 கிலோ கலோரி வேண்டும். ஃபிரிட்ஜில் 7 டிகிரியில் இருந்த அரை லிட்டர் தண்ணீர் உடம்பின் 37 டிகிரிக்கு வர 15 கிலோ கலோரி. ஓர் இட்லியில் கால் பங்குதான். சூயிங்கம் மெல்வதும் இப்படியே. 1999இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை ஆய்வாளர்கள் அளந்தபோது, ஒரு மணி நேரம் விடாமல் மென்றால் 11 கலோரிதான் கூடுதலாகச் செலவாகும் என்று தெரிந்தது.

கேள்வி: அப்படியானால் சுரைக்காய், வெண்பூசணி, வெள்ளரிக்காய் சாப்பிட்டால் எடை குறையும் என்பதும் பொய்யா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: அது பொய் இல்லை, ஆனால் காரணம் வேறு. இந்தக் காய்களில் 100 கிராமுக்குப் பெரும்பாலும் 10 முதல் 20 கலோரிதான். வயிறு நிறைகிறது, அதனால் சோறு குறைகிறது. தட்டில் ஒரு கப் சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் காய் வைத்தால் 150 கலோரிக்கு மேல் மிச்சம். சோறு குறையாமல் காய் மட்டும் கூடினால் பலன் இல்லை.

சமைக்கும் விதத்தையும் பாருங்கள். போன வாரம் என் வீட்டுச் சுரைக்காய்க் கூட்டை அடுப்பில் ஏற்றும் முன் ஒவ்வொன்றாக எடை போட்டேன். அரை கிலோ சுரைக்காய்க்கு 70 கலோரி சொச்சம். பாசிப்பருப்பு 50 கிராமுக்கு 170. அரைத்துவிட்ட தேங்காய் 50 கிராமுக்கு 175. தாளித்த எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டிக்கு 240. பருப்பு புரதம், அது இருக்கட்டும். எண்ணெயைப் பாதியாக்கினோம், தேங்காயைக் கடைசியில் பொடியாகத் துருவித் தூவினோம். வீட்டில் யாரும் ருசி குறைந்ததாகச் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் அவசியம் சொல்ல வேண்டும். எடை குறைக்கப் பச்சைச் சுரைக்காய்ச் சாறு குடிக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. கசக்கும் சுரைக்காயில் குக்குர்பிட்டாசின் என்ற நச்சு இருக்கும். அந்தச் சாற்றைக் குடித்து ரத்த வாந்தி எடுத்தவர்கள் உண்டு, உயிரிழந்தவர்களும் உண்டு. சாறு பிழியும் முன் காயில் ஒரு சின்னத் துண்டை நறுக்கி நாக்கில் வைத்துப் பாருங்கள். லேசாகக் கசந்தாலும் துப்பிவிட்டு, முழுக் காயையும் குப்பையில் போட்டுவிடுங்கள். தெரியாமல் குடித்து வயிறு வலித்தாலோ வாந்தி வந்தாலோ, வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் 'சுரைக்காய்ச் சாறு குடித்தேன்' என்று சொல்லுங்கள்.