இனிப்பும் பூ மணமும் சேர்ந்த சென்ட்: குளிர்கால மாலைக்கு எதை வாங்கலாம்?

கேள்வி: டொரோண்டோவுக்கு வந்து இது இரண்டாவது குளிர்காலம். டிசம்பர் தொடங்கிவிட்டால் வரவேற்பு, பிறந்தநாள் என்று வரிசையாக மாலை விருந்துகள். அவற்றுக்குப் போட்டுக்கொள்ள இனிப்பும் பூ மணமும் சேர்ந்த ஒரு நல்ல சென்ட் வாங்க ஆசை. கடையில் காகிதப் பட்டையில் அடித்துக் காட்டும்போது எல்லாமே பிடித்துப்போகிறது. வீட்டுக்கு வந்து போட்டால், "பஞ்சுமிட்டாய் வண்டி பக்கத்தில் நிற்பது போல இருக்கிறது" என்கிறார் கணவர். 150 டாலர் வரை செலவழிக்கலாம். எதை வாங்குவது?
— வாசகி, டொரோண்டோ

பதில்: உங்கள் கணவரின் மூக்கு மிகச் சரியாகச் சொல்லியிருக்கிறது. இந்த வகை சென்ட்களில் எத்தில் மால்டால் என்ற பொருள் சேர்க்கப்படுகிறது. பஞ்சுமிட்டாய்க்கும் சர்க்கரைப் பாகுக்கும் உரிய மணம் அதுதான். வெனிலா மணம் பழைய விஷயம். 1925இல் வந்த ஷாலிமார் என்ற சென்டிலேயே அது உண்டு. ஆனால் சர்க்கரையையே முன்னால் நிறுத்தி, 'கூர்மான்' எனப்படும் தின்பண்ட வாசனை என்ற வகையையே தொடங்கி வைத்தது 1992இல் தியரி மூக்லர் வெளியிட்ட ஏஞ்சல். அதைச் செய்த ஒலிவியே கிரெஸ்ப் இனிப்பைத் தனியே விடவில்லை. மண் வாடையும் கசப்பும் கொண்ட பச்சோலி இலை எண்ணெயை நிறையச் சேர்த்தார். பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போடுவது போன்ற காரியம் அது. நீங்கள் தேட வேண்டியதும் அந்த உப்பைத்தான். இனிப்பை இழுத்துப் பிடிக்க உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பஞ்சுமிட்டாய்தான் மிஞ்சும்.

பூ மணமும் வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் மூன்றை முகர்ந்து பார்க்கலாம். லாங்கோமின் லா வி எ பெல் (2012) ஐரிஸ் பூவோடு பிரலின் என்கிற பாதாம்-சர்க்கரை மிட்டாய் மணத்தைச் சேர்த்தது. மூன்றிலும் இனிப்பு அதிகம் இதில்தான். ஈவ் சான் லோரானின் பிளாக் ஓபியம் (2014) வெனிலாவுக்கு எதிரே காபியின் கசப்பை வைக்கிறது. பூ இருக்கிறது, ஆனால் பின்வரிசையில். கரோலினா ஹெரேராவின் குட் கேர்ள் (2016) குதிகால் செருப்பு வடிவப் புட்டியில் வருவது. அதில் சம்பங்கியும் குண்டுமல்லி இனத்து மல்லிகையும் முன்னால் நிற்க, கோகோவும் வெனிலா போல மணக்கும் டொங்கா கொட்டையும் அடியில் கிடக்கின்றன. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் என் தேர்வு இந்த மூன்றாவதுதான்.

காரணம், நம் மூக்குக்குச் சம்பங்கியும் மல்லியும் பழகியவை. மாலையில் விரியும் பூக்களில் இனிமைக்கு அடியில் ஒரு கனத்த வாடை இருக்கும். இரவு முழுக்கத் தலையில் இருந்த மல்லிகைச் சரத்தைக் காலையில் கழற்றி முகர்ந்தால் தெரியுமே, அது. இண்டோல் என்ற பொருளால் வருவது. தனியாக முகர்ந்தால் யாருக்கும் பிடிக்காது. சர்க்கரையோடு சேரும்போது தின்பண்டத்தைப் பூவாக மாற்றிவிடுகிறது. தமிழ்நாட்டுத் தோட்டங்களின் மல்லிகையிலிருந்தும் சம்பங்கியிலிருந்தும் எடுக்கப்படும் சாறு பல ஆண்டுகளாகப் பிரான்சின் சென்ட் நிறுவனங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இதை எழுதும்போது எனக்குச் சற்றுப் பெருமையாகத்தான் இருக்கிறது.

இனி, கடையில் பிடித்தது வீட்டில் பிடிக்காமல் போவது ஏன் என்று பார்ப்போம். சூடு ஏற ஏற மணப்பொருள்கள் வேகமாக ஆவியாகும். சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பரில் கொடைக்கானலில் ஒரு வெனிலா சென்டை இரண்டு முறைக்குப் பதில் ஐந்து முறை அடித்துக்கொண்டு காரில் ஏறினேன். மேலே இருந்தவரை அது மணப்பதே தெரியவில்லை. கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாக இறங்க இறங்க இனிப்பு எழுந்து வந்தது. வத்தலக்குண்டை நெருங்கும்போது பின் இருக்கையில் இருந்த அத்தை, கண்ணாடியை இறக்கச் சொல்லிப் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். புட்டியில் குறை ஏதும் இல்லை. குளிரில் மணம் எழாததைப் பார்த்து, போதவில்லை என்று நான் நினைத்ததுதான் தவறு.

டொரோண்டோவில் இதே கதை ஒரே மாலையில் நடக்கும். வெளியே பனி, தடித்த கோட்டுக்குள் உடம்புச் சூட்டில் சென்ட் அடைபட்டுக் கிடக்கும். ஹீட்டர் ஓடும் மண்டபத்தில் கோட்டைக் கழற்றியதும் அத்தனையும் ஒரேயடியாக வெளியே வரும். குளிர்கால மாலை என்று சொல்கிறோமே தவிர, அதில் பெரும்பகுதி கதகதப்பான அறைக்குள்தான் கழிகிறது. எனவே கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே, உடை மாற்றுவதற்கு முன், தோலில் இரண்டு முறை அடித்தால் போதும். கம்பளிச் சால்வையில் அடிக்க வேண்டாம். அதில் ஏறிய வெனிலா நாள்கணக்கில் போகாது.

கடையில் பட்டையை முகர்ந்ததும் முடிவு செய்துவிடாதீர்கள். பட்டையில் முதலில் வருவது, சில நிமிடங்களில் பறந்துவிடும் மேல் மணம். நீங்கள் விருந்து முழுக்கச் சுமக்கப்போவது அடி மணத்தை. பிடித்ததில் ஒன்றை மட்டும் மணிக்கட்டில் அடித்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வாருங்கள். குளிரில் சிறிது நடந்து, பிறகு சூடான ஓர் இடத்தில் உட்கார்ந்து, மூன்று மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். கணவரையும் முகரச் சொல்லுங்கள், அவர் மூக்கை நம்பலாம். கேட்டால் சிறு குப்பியில் சாம்பிள் தரும் கடைகளும் உண்டு. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பிடித்துவிட்டால் 30 மில்லி புட்டியே வாங்குங்கள். மில்லிக் கணக்கில் பெரிய புட்டிதான் மலிவு என்று விற்பவர் சொல்வார், அது உண்மையும்கூட. ஆனால் ஒரு முறை அடித்தால் ஏறத்தாழ 0.1 மில்லிதான் வெளியே வருகிறது. 30 மில்லியில் சுமார் 300 முறை அடிக்கலாம். மாலைக்கு இரண்டு என்றால் 150 மாலைகள். குளிர்கால விருந்துகளுக்கு மட்டும் என்றால் சில ஆண்டுகளுக்கு வரும். உங்கள் 150 டாலரில் மீதியும் இருக்கும்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். கனடாவில் பல மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் வாசனை போட்டு வர வேண்டாம் என்ற விதி இருக்கிறது. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது உண்மையான துன்பம். மறுநாள் வேலைக்கு அதே கோட்டைப் போட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: இதே போன்ற வெளிநாட்டு சென்ட் ஒன்று இணையத்தில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. அசல்தானா என்று எப்படி அறிவது?
— வாசகர், உதகமண்டலம்

பதில்: முதலில் விற்பவர் யார் என்று பாருங்கள். தளத்தின் பெயர் பெரிதாக இருக்கும். விற்பவர் நீங்கள் கேள்விப்படாத வேறொருவராக இருப்பார். பொருள் வந்ததும், பிரிப்பதற்கு முன் கைப்பேசியில் வீடியோ எடுக்கத் தொடங்கிவிடுங்கள்.

இந்தியாவில் முறைப்படி இறக்குமதியான சென்ட் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும். இவை எதுவுமே இல்லாத பெட்டியை நான் வாங்க மாட்டேன். அடுத்து, பெட்டியின் அடியில் உள்ள தொகுதி எண்ணும் புட்டியின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது, போலி செய்பவர்களும் எண்ணை அச்சடிக்கிறார்கள். வேறுபட்டால் திருப்பி அனுப்பத் தயங்க வேண்டாம். விற்பவர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.

"இன்ன சென்டைப் போன்றது" என்று வெளிப்படையாகச் சொல்லி, சொந்தப் பெயரில் விற்கப்படும் மலிவான சென்ட்கள் வேறு விஷயம். அங்கே ஏமாற்று இல்லை. மணம் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம்.

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வெனிலா சென்ட் தேநீர் நிறத்துக்கு மாறிவிட்டது. கெட்டுவிட்டதா?
— வாசகி, திருச்சி

பதில்: நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். வெனிலா மணத்தைத் தரும் வெனிலின் என்ற பொருள் நாளடைவில் பழுப்பேறும்; மல்லிகை போன்ற பூ மணங்கள் சேர்ந்திருந்தால் இன்னும் விரைவாகவே. காகிதத்தில் ஒரு முறை அடித்து, பத்து நிமிடம் கழித்து முகருங்கள். புளித்த வாடையோ நகப்பூச்சு வாடையோ அப்போதும் நின்றால் தூக்கி எறிந்துவிடலாம். பழைய மணமே வந்தால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பட்டுப் புடவையிலும் வெள்ளைத் துணியிலும் படாமல் தோலில் மட்டும். அந்தப் பழுப்பு கறையாக ஏறிவிடும். ஜன்னல் ஓரத்திலோ குளியலறையிலோ வைத்திருந்தால் இன்றே எடுத்து, அதன் பெட்டிக்குள் போட்டு பீரோவின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள்.