தடைக்காலத்து 61 நாள்

கேள்வி: கடலூர் முதுநகர் பக்கம் எங்கள் ஊர். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, மேத்ஸ் - கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். அப்பா விசைப்படகில் வேலைக்குப் போகிறார். "கடல் என்னோட போகட்டும், நீ கம்ப்யூட்டர் இன்ஜினீயர் ஆகணும்" என்கிறார். தனியார் கல்லூரி ஒன்றில் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட மாமா பேசி வைத்திருக்கிறார். எனக்கோ படகு இன்ஜின் வேலையில்தான் மனசு. ஐ.டி.ஐ. என்று வாயைத் திறந்தாலே அம்மா அழுகிறார். என்ன செய்வது?
- 17 வயது மாணவன்

பதில்: தம்பி, முதலில் அந்த அட்வான்ஸை நிறுத்தச் சொல். நீ எந்தப் படிப்புக்குப் போனாலும் சரி, அது வீண் செலவு. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் இன்ஜினீயரிங் கலந்தாய்வில் உனக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிச் சலுகையும் கலந்தாய்வில் சேர்கிறவர்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் சீட்டில் இரண்டும் போய்விடும். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். ஒரே கல்லூரியில் கம்ப்யூட்டரை விட மெக்கானிக்கலுக்குப் பெரும்பாலும் குறைந்த கட்-ஆஃபே போதும். பக்கத்திலேயே, பண்ருட்டியில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியிலும் மெக்கானிக்கல் உண்டு.

அடுத்து, வீட்டில் ஒரு தாளை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டு. பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டு வருஷத்தில் டிப்ளமா. அதன்பின் பி.இ.யிலும் நேராக இரண்டாம் ஆண்டு. இன்னும் மூன்று வருஷம். ஆக மொத்தம் ஐந்து. நேரே பி.இ. போனால் நான்கு. ஒரே ஒரு வருஷம்தான் கூடுதல், அதற்குள் கையில் தொழிலும் வந்துவிடும். அம்மா அழுவது, ஐ.டி.ஐ. மாதிரித் தொழில் பக்கம் போனால் படிப்பு அதோடு முடிந்தது என்று நினைப்பதால்தான் இருக்கும். அந்தப் பயத்தைத் தீர்க்க இந்தத் தாள் வேண்டும்.

ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் ஒரு வருஷம், ஃபிட்டர் இரண்டு வருஷம். படகு இன்ஜின்தான் குறி என்றால் மத்திய அரசின் மீன்பிடிக் கப்பல் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட்டில் (CIFNET) மரைன் ஃபிட்டர் படிப்பு இரண்டு வருஷம். தலைமையிடம் கொச்சி, சென்னையிலும் கிளை இருக்கிறது. அதற்குப் பத்தாம் வகுப்பில் கணிதமும் அறிவியலும் இருந்தால் போதும், நுழைவுத் தேர்வு உண்டு. பத்தாவது போதும் என்பதற்காகப் பிளஸ் டூவைக் கோட்டை விட்டுவிடாதே. மேலே சொன்ன ஐந்து வருஷக் கணக்கே பிளஸ் டூவை நம்பித்தான் நிற்கிறது. ஐ.டி.ஐ., டிப்ளமா, பட்டப்படிப்பு எதில் சேர்ந்தாலும் அரசுப் பள்ளி மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும்.

ஆனால் இன்ஜின் ஆசை எவ்வளவு தூரம் நிஜம் என்று நீயே சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு உன் ஊரைப் போல வசதி வேறெங்கும் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். உனக்கும் பரீட்சை முடிந்திருக்கும். விசைப்படகுகளைக் கரையேற்றி இன்ஜினைப் பிரிப்பதும் அப்போதுதான். தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கையாளாகச் சேர்ந்துகொள். முதல் பத்து நாள் கழுவுகிற வேலைதான் கிடைக்கும், சலிக்காதே. ஒரு நோட்டு வைத்து, எந்தப் பாகம் எதனால் கெட்டது என்று தினமும் எழுது. டீசலைத் தெளிக்கிற நாசில் பீய்ச்சாமல் ஒழுகினால் இன்ஜின் கரும்புகை தள்ளும். படகின் அடியில் வைக்கிற ஜிங்க் (துத்தநாக) கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். அது தன்னை அரிக்கக் கொடுத்துத்தான் புரொப்பல்லரைக் காப்பாற்றுகிறது. புரொப்பல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட் படகுக்கு வெளியே போகிற இடத்தில், தண்ணீரைத் தடுக்கிற கிளாண்ட் பேக்கிங் அடைக்கும்போது புதுப் பையன்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்வார்கள்: தண்ணீர் கசியவே கூடாது என்று முழு பலத்தில் இறுக்கிவிடுவார்கள். ஷாஃப்ட் சூடேறித் தேய்ந்து போகும். சுற்றும்போது சொட்டுச் சொட்டாகக் கசிய வேண்டும், அந்த ஈரம்தான் அதைக் குளிர வைக்கிறது. எவ்வளவு இறுக்கினால் சரி என்பது கைக்குத்தான் தெரிய வேண்டும். டீசல் டாங்கிக்குள் இறங்குவது, வெல்டிங், முட்டுக் கொடுத்த படகுக்கு அடியில் போவது, இந்த மூன்றும் உனக்கு வேண்டவே வேண்டாம்.

முப்பதாவது நாளும் காலையில் போகத் தோன்றினால் ஆசை நிஜம். தோன்றவில்லையென்றாலும் நஷ்டமில்லை, கலந்தாய்வு இருக்கவே இருக்கிறது. பிளஸ் டூ ரிசல்ட், இன்ஜினீயரிங், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. விண்ணப்பங்கள் எல்லாம் இந்த 61 நாளுக்குள்தான் பெரும்பாலும் வரும். எல்லாவற்றுக்கும் போட்டு வை. சாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கு இப்போதே இ-சேவை மையத்துக்குப் போ. முதல் பட்டதாரிக்கு வீட்டில் எல்லோருடைய படிப்பு விவரமும் கேட்பார்கள், நாளாகும்.

உன் அப்பா பயப்படுவது கடலுக்கு, இன்ஜினுக்கு அல்ல. கரையிலேயே இருந்து செய்யும் வேலை இது என்று அவரிடம் சொல். டீசல் மெக்கானிக்குக்கு ஜெனரேட்டர், டிராக்டர், லாரி எல்லாவற்றிலும் வேலை உண்டு, நெய்வேலியில் என்.எல்.சி. ஐ.டி.ஐ. முடித்தவர்களை அப்ரென்டிஸாக எடுக்கிறது. படகைத் தண்ணீரில் இறக்கி இன்ஜினை ஓட்டிப் பார்க்கிற அன்றைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போ. நீ அடைத்த கிளாண்ட் எப்படிச் சொட்டுகிறது என்று அவரே குனிந்து பார்க்கட்டும்.