‘அநாமதேயம்’ என்று போட்டிருந்தால் நம்பலாமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஊழியர் கருத்தாய்வு நடக்கிறது. படிவத்தின் மேலே ‘அநாமதேயமானது’ என்றும், கீழே ‘உங்கள் அடையாளம் ரகசியமாக வைக்கப்படும்’ என்றும் இருக்கிறது. பெயர் கேட்கவில்லை. ஆனால் ஆளுக்கொரு தனி இணைப்பு அனுப்பியிருக்கிறார்கள். மேலாளரைப் பற்றி உள்ளதை எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். அந்த இரண்டு சொற்களும் ஒரே தாளில் இருப்பதே கோளாறு. எழுதியது யார் என்றே தெரியாவிட்டால் எதை ரகசியமாக வைப்பார்கள்? ரகசியம் என்றால் யாருக்கோ தெரியும், அவர் வாயைத் திறக்க மாட்டார், அவ்வளவுதான். வருடக்கணக்காகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். படிவம் அச்சடிப்பவர்கள் காதில் ஏறவே இல்லை.

உங்களுக்குக் கிடைத்திருப்பது புனைபெயர். இணைப்பின் வாலில் எழுத்தும் எண்ணும் கலந்து நீளுகிறதே, அதுதான். புனைபெயரில் எழுதுகிறவர் யாரென்று பத்திரிகை ஆசிரியருக்குத் தெரியும். சன்மானம் அனுப்ப வேண்டுமே. ‘இன்னும் நிரப்பவில்லை’ என்று நிரப்பாதவர்களுக்கு மட்டும் நினைவூட்டல் வருகிறதா, பாருங்கள். வந்தால், எந்த எண் யாருடையது என்ற பட்டியல் எங்கோ இருக்கிறது. உண்மையான பெயரிலி வேறு. குறுந்தொகையின் 40ஆம் பாடலை எழுதியவர் பெயர் தெரியாமல்தான், பாட்டில் வரும் உவமையை வைத்தே ‘செம்புலப்பெயல்நீரார்’ என்றார்கள்.

(சிலர் ‘அனாமத்து’ என்றும் எழுதுகிறார்கள். அது கணக்கில் ஒதுக்கி வைக்கும் தொகை. அமானத்து என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

‘ஆய்வை வெளி நிறுவனம் நடத்துகிறது, பயம் வேண்டாம்’ என்பார்கள். அங்கேதான் பயப்பட வேண்டும். அந்த இடைத்தரகருக்குப் பணம் கொடுப்பது உங்கள் நிர்வாகம். ‘அறிக்கையில் பெயர் இருக்காது’ என்று சத்தியம் செய்வார். அறிக்கையில்தானே இருக்காது? மூலப் பதில்கள் யார் கையில், பட்டியலை எப்போது அழிப்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் விஷயம் புரிந்துவிடும்.

சரி, எல்லோருக்கும் ஒரே பொது இணைப்பு தந்தால்? பெரும்பாலும் பரவாயில்லை. ஆனால் உங்கள் பிரிவு சிறியதென்றால் அதுவும் உதவாது. பிரிவு, பாலினம், வயது, சேர்ந்த ஆண்டு என நான்கு கட்டங்கள் இருக்கும். ஐந்து பேர் கொண்ட பிரிவில் பெண் நீங்கள் ஒருவர் என்றால், இரண்டாவது கட்டத்திலேயே உங்கள் பெயரை எழுதிவிட்டீர்கள். கட்டங்களைக் காலியாக விட்டாலும் நடை காட்டிக்கொடுக்கும்: கூட்டத்தில் நீங்கள் அடிக்கடி சொல்லும் அதே சொல், நீங்கள் மட்டும் பார்த்த அதே சம்பவம். 2006இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் ஆறரை லட்சம் பேரின் மூன்று மாத இணையத் தேடல்களை, பெயரை எடுத்துவிட்டு எண் போட்டு வெளியிட்டது. அவர்கள் தேடிய சொற்களை வைத்தே பத்திரிகையாளர்கள் சில நாள்களில் ஒரு பெண்மணியின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். பெயரை அடித்துவிட்டால் போதும் என்று அதற்குப் பிறகும் நம்புகிறார்களே!

மதிப்பெண் கேள்விகளை மட்டும் நிரப்புங்கள். ‘பிற கருத்துகள்’ பெட்டியைத் தொடாதீர்கள். மேலாளர் மீதான குறை கடுமையானது என்றால், பெயர் போட்டு முறையான புகாராகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, நகலை வீட்டில் வையுங்கள்.