கைரேகை, காகிதத் தொப்பி, ‘திருடன் யாரு?’: பாலர் வகுப்புக்கு ஒரு கேள்வி பதில்

காரைக்குடி வட்டாரத்து அங்கன்வாடி, எல்.கே.ஜி., யு.கே.ஜி. டீச்சர்களும் பெற்றோரும் கேட்டவை. 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குப் போலீஸ் வேலையை விளையாட்டாகச் சொல்லித் தரும் ‘போலீஸ் வாரம்’ நடத்துவதுதான் விஷயம். இதில் எந்தப் பிள்ளைக்கும் திருடன் வேஷம் கிடையாது. பதில் சொல்பவர் பாலர் கல்விப் பயிற்றுநர்.

பள்ளத்தூர், யு.கே.ஜி. டீச்சர்: மேடம், கைரேகை எடுக்கச் சொல்லித் தரணும். பவுடர் தூவி பிரஷ்ல தட்டுனா வருமா? மொத்தம் 22 பிள்ளைக.

பவுடர் வேண்டாம். பிரஷ் கையில் கிடைத்ததும் பிள்ளை முதலில் செய்வது ஊதுவதுதான். தூள் நேரே மூக்குக்குப் போகும். பென்சிலும் செல்லோ டேப்பும் போதும்.

4பி பென்சிலால் வெள்ளைத் தாளில் தீப்பெட்டி அளவுக்கு அழுத்திக் கறுக்க வையுங்கள். 2பி-யும் ஆகும், ஹெச்பி வெளிறிவிடும். பிள்ளையின் விரலைப் பருத்தித் துணியால் துடைத்துவிட்டு, நகத்துக்கு நேர் பின்னால் இருக்கும் சதையை அந்தக் கறுப்பில் இரண்டு மூன்று தடவை தேய்க்கச் சொல்லுங்கள். நுனியைத் தேய்த்தால் பாதி ரேகைதான் வரும். வியர்வை இருந்தால் கறுப்பு திட்டுத் திட்டாக ஒட்டும், நம்ம ஊர் வெயிலுக்கு இதுதான் முதல் தொல்லை. ஃபேனை வேகமாக வைத்து, காலை முதல் பீரியடிலேயே முடித்துவிடுங்கள்.

பிறகு 4 செ.மீ. டேப் துண்டு, ஒரு முனை அரை செ.மீ. மடித்தது. விரல்மேல் ஒட்டி ஒரே ஒரு அமுக்கு. உருட்டினால் ரேகை இழுபடும். மடிப்பைப் பிடித்து உரித்து வெள்ளை அட்டையில் ஒட்டினால் வேலை முடிந்தது. டேப் வெட்டுவது பெரியவர் வேலை. முதல்நாளே 30 துண்டு வெட்டி எவர்சில்வர் தட்டு விளிம்பில் வரிசையாக ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 22 பிள்ளைகள் காத்திருக்க, நீங்கள் டேப் முனையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். ‘இது யார் ரேகை?’ என்று கண்டுபிடிக்கும் ஆட்டத்துக்குப் பெயரட்டையில் டேப் ரேகையையும், ‘தடயத்தில்’ ஸ்டாம்ப் பேடு ரேகையையும் வைப்பார்கள். ஒன்றுக்கொன்று ஒத்தே வராது. ஸ்டாம்ப் பேடு விரலைத் தாளில் பதித்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறிவிடும். டேப்பில் எடுத்து ஒட்டியது விரலை நேரே பார்ப்பது மாதிரி இருக்கும். இரண்டுக்கும் ஒரே முறையை வையுங்கள். கை, விரல்கூட ஒன்றாக இருக்கணும். எல்லாருக்கும் வலது கட்டைவிரல் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ரேகையில் கண்ணி (வளைந்து வந்த பக்கமே திரும்புவது), சுழி (வட்டமாகச் சுற்றுவது), வில் (ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவது) என மூன்று வகை சொன்னால் போதும். கண்ணிதான் அதிகம், பாதிக்கு மேல் அதுவாகவே இருக்கும். வில் அபூர்வம், நூற்றுக்கு ஐந்து வாக்கில். எனவே ‘வில் கொண்டு வா’ என்று போட்டி வைக்காதீர்கள், வகுப்பில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். டீச்சருக்கு ஒரு தகவல்: உலகத்தின் முதல் கைரேகைப் பணியகம் 1897-ல் கல்கத்தாவில் தொடங்கியது. வகைப்படுத்தும் கணக்கில் உழைத்தவர்கள் அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ். முறைக்குப் பெயர் மட்டும் மேலதிகாரி ஹென்றியுடையது!

முடிந்ததும் அட்டைகளைப் பிள்ளைகளிடமே கொடுத்தனுப்புங்கள். பெயரோடு சுவரில் ஒட்டுவது, படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது இரண்டும் கூடாது. ஸ்டாம்ப் பேடுதான் வேண்டும் என்றால் கீழே பாய் விரியுங்கள். ஆத்தங்குடிக் கல்லில் (நம்ம பக்கத்துத் தரை ஓடு) மை இறங்கினால் லேசில் போகாது. ஆசிட் ஊற்றினால் கல்லே போய்விடும்.

தேவகோட்டை, ஒரு அம்மா: போலீஸ் யூனிஃபார்ம் வாடகைக்கு எங்க கிடைக்கும்?

வாடகை உடுப்பு எதற்கு? வியர்க்கும், அரிக்கும், பாத்ரூம் போக பெல்ட்டை அவிழ்க்கத் தெரியாமல் அழுகைதான் மிஞ்சும். தொப்பி போதும். காக்கிச் சார்ட்டின் நீளவாக்கில் 60 செ.மீ.க்கு 6 செ.மீ. பட்டை. நாலு வயதுத் தலைச்சுற்று ஏறக்குறைய 50 செ.மீ. இருக்கும். மிச்சத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டுங்கள், ஒரு விரல் நுழையும் தளர்வு இருக்கட்டும். முன்விளிம்புக்குக் கறுப்பு அட்டையில் பிறை வெட்டி, உள்வளைவில் 1.5 செ.மீ. பற்கள் வெட்டி மடித்து, பட்டைக்கு உட்புறம் ஒட்டுங்கள். பசை தண்ணியாக இருந்தால் சார்ட் சுருண்டுவிடும், அகல டேப் நல்லது. ஸ்டேப்ளர் அடித்தால் பின்னின் மடிந்த கால் வெளிப்புறம் வரணும், இரண்டு பக்கமும் டேப்பால் மூடணும். தாடைக்குக் கயிறு, கழுத்தில் விசில் கயிறு இரண்டும் வேண்டவே வேண்டாம். சறுக்குமரத்தில் மாட்டினால் இறுக்கிவிடும்.

தோளில் நட்சத்திரம் ஒட்டுவதை எண்ணும் பாடமாக்கலாம். எஸ்.ஐ.க்கு இரண்டு, இன்ஸ்பெக்டருக்கு மூன்று.

கானாடுகாத்தான், அங்கன்வாடிப் பணியாளர்: காலடித் தடம் வச்சு ஏதாவது? காசு செலவில்லாம சொல்லுங்கக்கா.

கோகுலாஷ்டமிக்குப் போடுகிற மாவுக் காலடிதான். பச்சரிசி மாவு ஒரு டம்ளர், தண்ணீர் முக்கால் டம்ளர். பழைய துண்டை நாலாக மடித்துத் தட்டில் வைத்து மாவை அதில் ஊற்றுங்கள். நேரே தட்டில் மிதித்தால் வழுக்கும், துண்டு அளவாகத்தான் விடும். பிள்ளையை முக்காலியில் உட்காரவைத்து, காலைத் துண்டில் ஒற்றிக் கறுப்புச் சார்ட்டில் பதியுங்கள். நடக்கவிடாதீர்கள். காய்ந்ததும் தடத்தை நூலால் அளந்து, அந்த நீளத்துக்கு நூலை வெட்டி, சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கச் சொல்லுங்கள். டீச்சர் காலையும் ஒன்று சேர்த்துவிடுங்கள், சிரிப்புக்கு உத்தரவாதம். கல்லுப்பொடிக் கோலமாவு கூடாது, கண்ணை உறுத்தும்.

கோட்டையூர், ஒரு அப்பா: திருடன் இல்லாம போலீஸ் விளையாட்டா? எல்லாத்தையும் சப்புனு ஆக்குறீங்களே.

கண்டுபிடிக்க ஏதாவது இருந்தால் சப்பென்று இருக்காது சார். ‘கொட்டானைக் காணோம்’ என்று வையுங்கள். ஒரு பனையோலைக் கொட்டானை (சின்னக் கூடை) ஒளித்துவைத்து மூன்று தடயம்: தூணடியில் மாவுக் காலடி, திண்ணையில் சிவப்பு நூல், கதவருகே ஒரு மணி. மூன்றுக்கு மேல் தடயம் வைத்தால் நாலு வயது மறந்துவிடும். முடிவில் பூனை இழுத்துப் போனதாகவோ, அப்பத்தா எடுத்து வைத்ததாகவோ இருக்கட்டும்.

அதே அப்பா: நாங்கல்லாம் திருடன் போலீஸ் விளையாண்டுதான் வளந்தோம். யாரும் கெட்டுப்போகல.

கெட்டுப்போவதைப் பற்றிச் சொல்லவில்லை. எந்தப் பிள்ளை திருடனாகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். அந்த வேஷத்தை முறைவைத்து மாற்றாத வகுப்பில் நிறம் குறைந்த பிள்ளை, அழுக்குச் சட்டைப் பிள்ளை, நேற்றுச் சேர்ந்த பிள்ளை இவர்கள் தலையில்தான் விழும். விளையாட்டு முடிந்தாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும்.

காரைக்குடி, யு.கே.ஜி. டீச்சர்: சார் சொல்றதுலயும் நியாயம் இருக்கு மேடம். ஓடிப் பிடிக்கலைன்னா பசங்களுக்கு இருப்புக் கொள்ளாது.

ஓடட்டுமே. ‘ஓடுறவங்க, பிடிக்கிறவங்க’ என்று பிரியுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மணியடித்து மாற்றுங்கள். முதுகில் உள்ளங்கையால் தொட்டால் அவுட். சட்டையை இழுத்தால் ஆட்டம் நிற்கும், கவுன் நாடா கழுத்தை இறுக்கும். ஐந்து வயதுக்குக் கீழே திசை மாறி ஓடி முட்டிக்கொள்வார்கள், அவர்களுக்கு ஒரே பக்கமாக ஓடும் வட்டம்.

கோட்டையூர் அப்பா: சரி, விலங்காவது மாட்டலாமா? துப்பாக்கி?

இரண்டும் இல்லை. பொம்மை விலங்கின் சாவி தொலையும், மணிக்கட்டு வீங்கும். நிஜ போலீஸே எடுத்தவுடன் விலங்கு மாட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லியிருக்கிறது. துப்பாக்கி கையில் வந்தால் நீங்கள் யோசித்த மற்ற ஏழு செயல்பாடும் படுத்துவிடும், டுமீல் மட்டும்தான் மிஞ்சும்.

கோட்டையூர் அப்பா: லத்தி?

சார், போதும்.

புதுவயல், எல்.கே.ஜி. டீச்சர்: யூனிஃபார்ம் எங்க வாங்குறது?

தேவகோட்டைக்குச் சொன்னதைப் பாருங்கள்.

செட்டிநாடு, ஒரு அம்மா: சைரன் விளக்கு வச்ச ஜீப் பொம்மை ஆன்லைன்ல வாங்கலாமா?

பட்டன் பேட்டரி இருந்தால் வேண்டாம். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்ணாகும். அட்டைப்பெட்டியில் வண்டி செய்து நம்பர் பிளேட் ஒட்டுங்கள். நம்ம மாவட்டத்துக்கு டிஎன் 63, புதுக்கோட்டைக்கு டிஎன் 55. வெள்ளைப் பலகை சொந்த வண்டி, மஞ்சள் வாடகை வண்டி, பச்சை மின்சார வண்டி. வாசலில் நின்று பத்து வண்டி பார்த்து நிறம் பிரித்தால் எண்ணும் பழகும்.

காரைக்குடி, ஒரு தாத்தா: பேரனுக்குப் போலீஸ் நம்பர் சொல்லித் தரணும். பழைய செல்லைக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். சிம் இல்லாத போனிலிருந்தும் 112 போகக்கூடும். அட்டையில் பொத்தான் வரைந்து 1-1-2 அமுக்கப் பழக்குங்கள். கூடவே தன் முழுப்பெயர், அப்பா அம்மா பெயர், தெரு. எண்ணைச் சொல்லிவிட்டுத் தெரு சொல்லத் தெரியாமல் நிற்பதுதான் வழக்கம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. அதை நீங்கள் மனப்பாடம் செய்யுங்கள்.

கண்டனூர், ஒரு அம்மா: சாப்பிட அடம்பிடிச்சா ‘போலீஸ் மாமா பிடிச்சிட்டுப் போயிருவார்’னு சொல்றோம். இப்ப ஸ்டேஷன் முன்னாடி போனாலே அழுகிறான்.

அந்த வார்த்தையை வீட்டில் எல்லாரும் இன்றோடு நிறுத்துங்கள், அப்பத்தா உட்பட. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளை போலீஸைப் பார்த்து ஒளிந்துகொண்டால் என்ன ஆகும்? பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில்கூடப் பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்கும் போலீஸ் சீருடையில் இருக்கக்கூடாது என்றிருக்கிறது. அந்த உடுப்பு பிள்ளையை மிரட்டும் என்று சட்டத்துக்கே தெரியும்.

முதலில் தொப்பியைச் செய்து அவனே போட்டுப் பழகட்டும். அடுத்து அம்மா தொப்பி போட்டு, அவன் ‘நான் தொலைஞ்சுபோயிட்டேன்’ என்று வந்து பெயரும் தெருவும் சொல்லட்டும். அதற்குப் பிறகுதான் ஸ்டேஷன், அதுவும் வாசல்வரை. டிராஃபிக் போலீஸிடமிருந்து தொடங்கினால் இன்னும் சுலபம், வெள்ளைச் சட்டைக்குப் பயம் குறைவு.

குன்றக்குடி, எல்.கே.ஜி. டீச்சர்: மேடம், இதெல்லாம் வொர்க்‌ஷீட்டா பி.டி.எஃப். கிடைக்குமா? யூனிஃபார்ம் லிங்க்கும்?

வொர்க்‌ஷீட் இல்லை. மூன்று வயதுக்குத் தாளைவிட மாவும் நூலும்தான். யூனிஃபார்ம் பற்றி இனி யாருக்கும் பதில் கிடையாது.