வாசகர் கேள்வி-பதில்: ஹாலோவீன் விருந்துக்கு மிரட்டும் பாஸ்தா

அக்டோபர் 31 இரவு விருந்துக்குப் பாஸ்தா செய்வது பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: கறுப்பு ஸ்பாகெட்டி செய்ய, கொதிக்கும் தண்ணீரில் கறுப்பு ஃபுட் கலர் ஊற்றி வேகவைத்தேன். சாம்பல் நிறத்தில் அழுக்குத் துணி போல வந்தது. எங்கே தவறு?

தண்ணீரில் கலரை ஊற்றியதுதான் தவறு. இரண்டு, மூன்று லிட்டர் தண்ணீரில் கலர் கரைந்து நீர்த்துப்போகிறது. அதில் பெரும்பகுதி வடிகட்டும்போது தண்ணீரோடு போய்விடும். முதலில் வேகவைத்து, அதன் பிறகு நிறம் ஏற்ற வேண்டும்.

250 கிராம் ஸ்பாகெட்டியை உப்பு போட்ட தண்ணீரில் வேகவைத்து வடியுங்கள். கெட்டியான ஜெல் கலர் அரை டீஸ்பூன் எடுத்து, 2 டேபிள்ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள். சூட்டைத் தாங்கும் உணவுப் பையிலோ மூடியுள்ள பாத்திரத்திலோ இரண்டையும் போட்டுக் குலுக்கி, 5 நிமிடம் விடுங்கள். பிறகு தண்ணீர் தெளிவாக ஓடும்வரை குளிர்ந்த நீரில் அலசி, ஒரு டீஸ்பூன் எண்ணெய் பிசறி வையுங்கள். சாதாரணமாக வெந்த பாஸ்தாவை அலசக் கூடாது என்போம். மேலே உள்ள மாவுச்சத்து போய்விட்டால் சாஸ் ஒட்டாது. ஆனால் இந்த முறையில் அலசாவிட்டால் சாஸ், தட்டு, உதடு எல்லாம் கறுத்துவிடும். கறுப்பு ஜெல் பல சாயங்களின் கலவை. அது பாஸ்தாவின் மஞ்சளோடு சேர்ந்து சில சமயம் பச்சையாகத் தெரியும். அப்படியானால் ஒரு துளி சிவப்பு சேருங்கள்.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு எங்கள் பரிந்துரை, கணவாய் மீனிலிருந்து எடுக்கும் கறுப்பு மைதான். நிறத்தோடு கடல் சுவையும் தருவதால், இது வெறும் வேடிக்கையாக இல்லாமல் உண்மையாகவே நல்ல சாப்பாடாக இருக்கும். 400 கிராம் பாஸ்தாவுக்கு 8 கிராம் மை போதும். மூன்று டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெயில் நான்கு பல் பூண்டை நிறம் மாறாமல் வதக்கி, மையையும் பாஸ்தா வெந்த தண்ணீர் 100 மில்லியையும் ஊற்றி, அரைவேக்காட்டைச் சற்றுத் தாண்டிய பாஸ்தாவைப் போட்டு இரண்டு நிமிடம் புரட்டுங்கள். மையிலேயே உப்பு இருப்பதால், வேகவைக்கும் தண்ணீரில் லிட்டருக்கு வழக்கமான 10 கிராம் உப்பை 7 கிராமாகக் குறையுங்கள். சிப்பி, கணவாய் வகை ஒவ்வாமை உள்ளவர்கள் வருகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பார்த்தால் கணவாய் என்று யாருக்கும் தெரியாது, அதுதான் ஆபத்து.

கேள்வி: கரித்தூள் மாத்திரையைப் பொடித்துச் சேர்க்கலாமா?

வேண்டாம். வயிற்றில் உள்ளதை உறிஞ்சுவதுதான் அந்தக் கரியின் வேலை. விருந்தாளி சாப்பிட்ட மருந்தையும் அது உறிஞ்சி, வேலை செய்யவிடாமல் ஆக்கிவிடும்.

கேள்வி: ஊதா முட்டைகோஸ் தண்ணீரில் ஸ்பாகெட்டியை வேகவைத்தேன். அழகான ஊதா. தக்காளி சாஸ் ஊற்றியதும் நிறம் போய்விட்டது. செயற்கைச் சாயம் இல்லாமல் நிறம் நிற்க வழி உண்டா?

நிறம் எங்கும் போகவில்லை, மாறியிருக்கிறது. ஊதா முட்டைகோஸில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி, புளிப்பு பட்டால் இளஞ்சிவப்பாகும், சமையல் சோடா போன்ற காரத்தன்மை பட்டால் நீலமாகும், இன்னும் மிஞ்சினால் பச்சையாகும். தக்காளியின் புளிப்பில் அது சிவந்து, சாஸின் நிறத்தோடு கலந்து காணாமல் போயிற்று.

இதைக் குறையாக நினைக்காமல் மேசையில் நடத்தும் வித்தையாக்குங்கள். 400 கிராம் முட்டைகோஸைப் பொடியாக நறுக்கி, 2 லிட்டர் தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். ஒரு கப் சாற்றை எடுத்து வைத்துவிட்டு, மீதியில் உப்பு போட்டு 200 கிராம் ஸ்பாகெட்டியை வேகவையுங்கள். எடுத்து வைத்த சாற்றில் ஒரே ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் நீலமாகும். வெந்த பாஸ்தாவை அதில் மூன்று நிமிடம் ஊறவிட்டு வடியுங்கள். வெண்ணெய், பூண்டு, மிளகு மட்டும் சேர்த்துப் பரிமாறி, ஆளுக்கு ஒரு எலுமிச்சைத் துண்டு கொடுங்கள். பிழிந்த இடமெல்லாம் நீலம் இளஞ்சிவப்பாக மாறும். குழந்தைகள் இதற்காகவே இரண்டாம் தட்டு கேட்பார்கள்.

சோடாவில் கை தாராளமாகப் போகக் கூடாது. பாஸ்தா குழைந்துவிடும், வாயில் சோப்பு வாடை அடிக்கும். நிறம் இன்னும் தெளிவாக வேண்டுமென்றால் வெள்ளை அரிசி நூடுல்ஸ் எடுங்கள். அதில் மஞ்சள் இல்லாததால் நீலம் நீலமாகவே தெரியும்.

கேள்வி: மொஸரெல்லா சீஸ் உருண்டையில் ஆலிவ் வைத்துக் "கண்" செய்தால், மேசைக்குப் போவதற்குள் உருகி வழிகிறது.

வடித்த சூட்டோடு பாஸ்தாவின் மேல் வைத்திருப்பீர்கள். தட்டில் போட்ட பிறகு இரண்டு, மூன்று நிமிடம் ஆறவிட்டு, பரிமாறும் நொடியில் வையுங்கள். இரண்டு சென்டிமீட்டர் உருண்டைகளை அரைமணி முன்பே துணியில் போட்டு ஈரம் எடுக்க வேண்டும். ஆலிவையும் துடையுங்கள், இல்லையென்றால் கறுப்பு நீர் கோடாக இறங்கும். உருண்டையில் உறிஞ்சு குழலின் முனையால் சிறு குழி எடுத்து, ஆலிவ் வளையத்தை அழுத்தி, நடுவில் ஒரு பச்சைப் பட்டாணி வையுங்கள். பல்குத்தும் குச்சியைப் பீட்ரூட் சாற்றில் தொட்டு நரம்பு வரையலாம்.

உருகவே கூடாது என்றால் காடை முட்டை. நான்கு நிமிடம் வேகவைத்து, ஆறியதும் ஓட்டை உரிக்காமல் மெதுவாகத் தட்டி விரிசல் விடுங்கள். வினிகர் கலந்த பீட்ரூட் சாற்றில் ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் ஊறினால், உரிக்கும்போது சிலந்தி வலை போல் சிவப்பு நரம்புகள் விழுந்திருக்கும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளின் தட்டில் இந்த உருண்டைகள் எதையும் முழுதாக வைக்காதீர்கள். நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள், தொண்டையில் அடைக்கும்.

கேள்வி: சாஸ் ரத்தம் போல இருக்க வேண்டும். எனக்கு ஆரஞ்சு நிறமாகத்தான் வருகிறது.

எண்ணெயோடு சேர்த்து மிக்ஸியில் அரைத்திருப்பீர்கள். காற்றும் எண்ணெயும் நுண்துளிகளாகக் கலந்து நிறத்தை வெளுக்கும். 500 கிராம் தக்காளியை முதலில் தனியாக அரைத்து வடிகட்டி, அதன் பிறகு எண்ணெயில் ஊற்றிப் பாதியாக வற்றவையுங்கள். வேகவைத்து அரைத்த பீட்ரூட் 80 கிராம், இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு சேர்க்க வேண்டும். நீண்ட நேரம் கொதித்தால் பீட்ரூட் பழுப்பாகிவிடும். தக்காளியின் புளிப்பு அந்தச் சிவப்பைக் காக்கும். 100 கிராமைத் தாண்டினால் இனிப்பும் மண்வாசனையும் தலைதூக்கும். பாஸ்தாவோடு கலக்காமல் மேலே கரண்டியால் வழியவிடுங்கள், கலந்துவிட்டால் வெறும் தக்காளிப் பாஸ்தாதான்.

கேள்வி: சாசேஜ் துண்டுகளில் ஸ்பாகெட்டியைக் குத்தி வேகவைத்தால் முடி முளைத்த பூச்சி போல இருக்கிறது. ஆனால் நடுவில் பாஸ்தா வேகவில்லை.

சாசேஜுக்குள் இருக்கும் பகுதிக்குத் தண்ணீர் இரு முனை வழியாகத்தான் போகும். அதனால் துண்டு இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. மெல்லிய ஸ்பாகெட்டியை இரண்டாக உடைத்து, துண்டுக்கு ஐந்து முதல் ஏழு குச்சி குத்துங்கள். அதற்கு மேல் போனால் சாசேஜ் பிளக்கும். பாக்கெட்டில் போட்ட நேரத்தைவிட இரண்டு நிமிடம் கூடுதலாக, அகலமான பாத்திரத்தில், தளதளவென்று கொதிக்காத தண்ணீரில் வேகவையுங்கள். முதல் இரண்டு நிமிடம் கரண்டி போடாதீர்கள். ஏற்கெனவே வெந்த வகை சாசேஜ் மட்டுமே சரிவரும். பச்சை சாசேஜ் உதிர்ந்துபோகும்.

கேள்வி: விளக்கு வைக்கச் செதுக்கிய பூசணியின் சதையில் சாஸ் செய்யலாமா?

செதுக்கும்போது புதிதாகச் சுரண்டிய சதை என்றால் செய்யலாம். மெழுகுவத்தி எரிந்து, பல மணி நேரம் வெளியே கிடந்ததைத் தொடாதீர்கள். செதுக்கும் பூசணி நீரும் நாரும் மிகுந்தது. அப்படியே வேகவைத்தால் சப்பென்றிருக்கும். 500 கிராமை எண்ணெய் தடவி 200 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம், ஓரம் கருகத் தொடங்கும்வரை ஓவனில் சுட்டு, 100 மில்லி கிரீமும் ஜாதிக்காய்த் துருவலும் சேர்த்து அரையுங்கள். 400 கிராம் பாஸ்தாவுக்குக் காணும்.

கேள்வி: பத்துப் பேருக்கு எல்லாவற்றையும் எந்த வரிசையில் செய்வது?

சாஸ், முட்டை, முட்டைகோஸ் சாறு மூன்றும் முந்தைய நாளே முடித்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். நிறம் ஏற்றிய கறுப்புப் பாஸ்தாவை அன்று மதியம் செய்து, ஃபிரிட்ஜில் மூடி வைத்து, பரிமாறும் முன் கொதிநீரில் 30 விநாடி முக்கி எடுங்கள். மற்ற பாஸ்தாவை எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் தண்ணீரில் போட வேண்டும். பத்துப் பேருக்கு ஒரு கிலோ பாஸ்தா, பத்து லிட்டர் தண்ணீர். ஒரே பாத்திரத்தில் திணித்தால் கொதி அடங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். இரண்டு பாத்திரமாகப் பிரியுங்கள். வடிக்கும் முன் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து வைக்க மறந்துவிடாதீர்கள். மேசையில் போட்டோ எடுக்கும் நேரத்தில் பாஸ்தா இறுகிவிட்டால், அதில் இரண்டு கரண்டி ஊற்றிப் புரட்டினால் மறுபடி இளகும்.