சிக்கிள் செல் குழந்தைகள்: கூடலூர் நர்ஸிடம் கேளுங்கள்

பந்தலூர் அம்மா: சிஸ்டர், மரபணுவையே திருத்தும் சிகிச்சை வந்திருக்காமே? என் பையனுக்கு 4 வயசு.

வந்தது உண்மைதாம்மா. சிக்கிள் என்பது ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய், அதற்கான சிகிச்சைதான் இது. 2023 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது, 12 வயசு ஆனவர்களுக்கு. பிறந்த பிறகு அடங்கிப்போகும் கருக்கால ஹீமோகுளோபினை மறுபடி சுரக்க வைப்பதுதான் அதன் சூட்சுமம். ரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுத்து, அந்த ஹீமோகுளோபினை அடக்கி வைக்கும் பிசிஎல்11ஏ மரபணுவில் ஓரிடத்தை வெட்டுவார்கள். கீமோ கொடுத்து மஜ்ஜையைக் காலியாக்கிவிட்டு, திருத்திய செல்லை ஏற்றுவார்கள். விலை 22 லட்சம் டாலர். தில்லியில் இருக்கும் மரபணு ஆராய்ச்சி நிறுவனமான ஐஜிஐபி நம் நாட்டுக்கென்று ஒன்றை உருவாக்கி வருகிறது.

இன்றைக்கு உங்கள் பையனைக் காப்பது பென்சிலின். 1986-இல் வெளிவந்த ஆய்வில், தினம் இரண்டு வேளை அதைச் சாப்பிட்ட சின்னக் குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ் என்கிற பாக்டீரியாவின் தொற்று 84 சதவீதம் குறைந்தது. 5 வயசு முடியும்வரை ஒருவேளைகூட விடாதீர்கள். காய்ச்சல் 101 டிகிரி தொட்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

மண்ணீரல் திடீரென்று வீங்குகிறதா என்றும் தினம் தொட்டுப் பாருங்கள். இடது விலாவுக்குக் கீழே விரல்களைப் படுக்க வையுங்கள்; மண்ணீரல் பெரிதாகியிருந்தால், பிள்ளை மூச்சிழுக்கும்போது அதன் விளிம்பு வந்து முட்டும். பணியர் பழங்குடி ஊரில் ஒரு அம்மா அந்த விளிம்பில் அடுப்புக்கரியால் கோடு போட்டு வைத்திருந்தார். மறுநாள் காலை மண்ணீரல் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் இறங்கியிருந்தது. தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், உடனே ரத்தம் ஏற்றினோம். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

கோத்தகிரி அப்பா: ஹைட்ராக்ஸியூரியா கேன்சர் மருந்தாமே?

அதற்கும் கொடுப்பார்கள், சிக்கிளுக்கும் கொடுப்பார்கள். 2011-இல் வெளிவந்த ஆய்வில் 9 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கே கொடுத்ததில் வலியும் கைகால் வீக்கமும் குறைந்தன. ரத்த அணுக்களை அவ்வப்போது எண்ணிப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும்.

குன்னூர்: பாப்பாவுக்கு தலசீமியா...

அது வேறு நோய். ரத்தநோய் டாக்டரைப் பாருங்கள்.

ஊட்டி: ஜீன் சிகிச்சை சின்னப் பிள்ளைக்குச் செய்வார்களா?

முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். காய்ச்சல் பற்றியும் அங்கேயே இருக்கிறது, அதையும் படியுங்கள்.

கூடலூர் இளைஞர்: கல்யாணத்துக்கு முன்னால் சிக்கிள் கார்டு பார்க்கச் சொல்வது எங்கள் பெண்களை ஒதுக்கத்தானே அக்கா?

தம்பி, இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் சிக்கிள் பரிசோதனை முடிவு எழுதின அந்த கார்டு பெண்ணுக்கு மட்டும் இல்லை, பையனுக்கும்தான். கேரியர் என்றால் சிக்கிள் மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர், நோயாளியே இல்லை. இரண்டு பேரும் கேரியர் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொண்டு கட்டிக்கொள்வது அவர்கள் உரிமை.

அதே இளைஞர்: ரத்தம் எடுத்துப் போகிறவர்கள் ரிசல்ட் சொல்ல வருவதே இல்லையே?

அது அநியாயம். இந்தியாவில் இந்த நோயை முதலில் பதிவு செய்ததே நம் நீலகிரிப் பழங்குடிகளிடம்தான், 1952-இல், லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள். 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் தொடங்கியது 2023-இல். நடுவில் எழுபது வருஷம். ரிசல்டைக் கேட்டு வாங்குங்கள். கேரியர் பெண்ணை வேண்டாம் என்கிற வீட்டுக்கு என்னைக் கூப்பிடுங்கள், நானே வந்து பேசுகிறேன்.

நாடுகாணி: சிஸ்டர், மகளுக்கு சிக்கிள். இப்போ 102 இருக்கு. பாராசிட்டமால் கொடுத்தேன். காலையில் போனால் போதுமா?

இப்பவே கிளம்பும்மா. ஜீப் கிடைக்காவிட்டால் 108. போகிற வழியில் தண்ணீர் கொடுத்துக்கொண்டே போ, கம்பளி சுற்றிக்கோ, கார்டை மறக்காதே. போய்ச் சேர்ந்ததும் சொல்லு. மற்றவர்கள் கேள்விக்கு நாளைக்குப் பதில் சொல்கிறேன்.