60 பல்லும் ஒரே கையில்

அன்புள்ள அம்மா,

நேற்றிரவு பதினொன்றரை மணிக்கு நீங்கள் அனுப்பிய குரல்பதிவை இரண்டு முறை கேட்டேன். மகள் பல் மருத்துவம் மூன்றாம் ஆண்டு. ஆய்வுக் குழுவில் ஐந்து பேர். வேலை முழுவதும் இவள் தலையில். மற்ற நால்வரும் வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டுகிறார்கள். "தனியா விட்டா எம்பொண்ணு முடிச்சிருவா. ஆசிரியர்கிட்ட சொல்லிப் பாக்கலாமா?" என்று கேட்டீர்கள்.

வேண்டாம். அவளால் முடியாது என்று சொல்லவில்லை. அவள் ஒருத்தியே முடித்தால் அந்த ஆய்வு செல்லாது.

நான் பல் மருத்துவர் இல்லை. ஆனால் அந்தப் படிப்பில் இருக்கும் பிள்ளைகள் என் எதிரே உட்கார்ந்து புலம்பியதைக் கேட்டுக் கேட்டே கொஞ்சம் தெரிந்துகொண்டேன். உங்கள் மகள் குழு எடுத்திருப்பது பசை ஆராய்ச்சி. பல்லுக்குக் கம்பி கட்டும்போது ஒட்டுவார்களே, சின்ன பிராக்கெட், அதை இரண்டு வகைப் பசையில் எது உறுதியாகப் பிடிக்கிறது என்று பார்க்கிறார்கள். கம்பிக்கு இடம் வேண்டிப் பிடுங்கிய 60 பற்கள். ஒட்டிய பல்லை 37 டிகிரி நீரில் 24 மணி நேரம் வைத்து, பிறகு இயந்திரத்தில் பொருத்தி, பிராக்கெட் பெயரும்வரை அழுத்துவார்கள். பெயர்ந்த பிறகு பல்லில் பசை எவ்வளவு மிச்சம் என்று உருப்பெருக்கியில் பார்த்து 0 முதல் 3 வரை எண் போடுவார்கள். ஆர்டுன், பெர்க்லண்ட் என்ற இருவர் 1984இல் வகுத்த அளவு அது. பசையே இல்லை என்றால் 0. மொத்தமும் பல்லிலேயே தங்கி, பிராக்கெட்டின் வலைத்தடம்கூடத் தெரிந்தால் 3. இரண்டிலும் சண்டை வராது. பாதிக்குக் குறைவா, பாதிக்கு மேலா, அதாவது 1ஆ 2ஆ என்பதில்தான் வரும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒட்டியவளும் இவள், எண் போடுகிறவளும் இவள். எந்தப் பல்லில் புதுப் பசை என்று இவளுக்குத் தெரியும். இரண்டுங்கெட்டானாக நிற்கும் ஒரு பல்லைப் பார்க்கும்போது, மனசு விரும்பும் பக்கம் கண் சாயும். ஏமாற்று வேலை இல்லை அது, மனுஷக் கண் அப்படி. அதனால்தான் எது எந்தப் பசை என்று தெரியாத இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து எண் போட வேண்டும். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காப்பா என்றொரு கணக்குப் போடுவார்கள். 1960இல் ஜேக்கப் கோஹன் கொடுத்த கணக்கு. முழுக்க ஒத்துப்போனால் 1, குருட்டாம்போக்கில் ஒத்துப்போனதற்கு மேல் ஒன்றும் இல்லை என்றால் 0. ஆள் ஒருத்தியே என்றால் யாரோடு ஒத்துப்பார்ப்பது? எந்தப் பல்லுக்கு எந்தப் பசை என்று குலுக்கிப் போட்ட பட்டியலும் எண் போடுகிறவர்கள் கண்ணில் படாமல் நாலாவது ஆளிடம் இருக்க வேண்டும்.

ஒட்டுவது மட்டும் ஒரே கையாக இருப்பது நல்லது. ஆளுக்கு ஆள் அழுத்தம் மாறும். அந்த வேலை உங்கள் மகளுக்கே இருக்கட்டும். கை நிதானம் உள்ளவள் என்று நீங்களே பெருமைப்பட்டீர்கள்.

ஐந்தாவது ஆளுக்கு இயந்திரம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, இவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். வியாழன் மாலை ஒட்டினால் வெள்ளி மாலை அழுத்தியாக வேண்டும், 24 மணி நேரக் கணக்கு யாருக்காகவும் காத்திருக்காது. மூன்றாம் ஆண்டில், அந்நேரம் சிங்கப்பூர் கென்ட் ரிட்ஜ் கிளினிக்கில் இவள் பார்க்க வேண்டிய நோயாளி நாற்காலியில் இருப்பார். இவள் வெள்ளிதோறும் மூச்சிரைக்க ஓடுவது பொறுப்புணர்ச்சியால் இல்லை, அட்டவணை போடாததால். வெள்ளி மாலை யாருக்கு ஓய்வோ அவர்தான் இயந்திரத்துக்கு.

மற்ற நால்வரையும் சோம்பேறி என்றீர்கள். ஒருவர் அப்படி இருக்கலாம், நால்வருமா? தேர்வடத்தில் நிறையக் கை விழுந்தால் சில கை சும்மா தொட்டுக்கொண்டுதான் வரும். ரிங்கல்மன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்தே பார்த்தார். ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் இழுக்கும் பலம் குறைந்தது. 1913இல் எழுதி வைத்தார். 'எல்லாரும் சேர்ந்து செய்வோம்' என்று தொடங்கிய குழு இப்படித்தான் ஆகும். இன்ன வேலை இன்னாருக்கு என்று பெயர் எழுதிவிட்டால் ஒளிய இடம் இருக்காது.

ஆகவே அவள் புகார் சொல்ல வேண்டாம், ஒரு கேள்வி கேட்கட்டும். வழிநடத்தும் ஆசிரியரும் ஐந்து பேரும் இருக்கும் கூட்டத்தில், "மிச்சப் பசைக்கு எண் போடப்போகும் இரண்டு பேர் யார்? நான் ஒட்டுவதால் நான் போடக்கூடாது இல்லையா?" அவ்வளவுதான். யாரையும் காட்டிக்கொடுத்ததாக ஆகாது. அந்த ஆசிரியர் பெயர்களைக் கேட்டே தீருவார்.

கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று கேட்டீர்கள். இப்போதே பேசி எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடிவுகள் வந்தபின் பேசினால் நட்பு போகும். மருத்துவ இதழ்கள் பெரும்பாலும் பின்பற்றும் விதிப்படி, வேலையில் கணிசமான பங்கு, எழுதியதிலோ திருத்தியதிலோ கை, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், எல்லாவற்றுக்கும் பொறுப்பு என நாலும் இருந்தால்தான் கட்டுரை எழுதியவர்கள் பட்டியலில் இடம். பல் ஒட்டியதற்காக மட்டும் பெயர் வராது, அவள் உட்கார்ந்து எழுதவும் வேண்டும். பின்னாளில் சிறப்புத் துறைக்கு விண்ணப்பித்து நேர்காணலில் உட்காரும்போது, "இதில் நீ என்ன செய்தாய்?" என்று கேட்டால் "எல்லாமே நான்தான்" என்ற பதில் உதவாது. அனுபவசாலிக்கு அது குறையாகத்தான் காதில் விழும்.

இன்னொன்று. குழுவில் ஒரு பையனின் அம்மாவைத் தேக்கா சந்தையில் பார்ப்பீர்கள் என்றும் "ஒரு வார்த்தை போட்டு வைக்கவா" என்றும் கேட்டீர்கள். தயவுசெய்து வேண்டாம். அன்று மாலைக்குள் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும், உங்கள் மகள் அங்கே தலைநிமிர முடியாது. இரவு பன்னிரண்டு மணிக்கு மைலோ கலந்து கொடுங்கள், அது போதும்.

சனிக்கிழமை காலை அவளையே என்னை அழைக்கச் சொல்லுங்கள். வரும்போது அந்த 60 பற்களும் பிடுங்கி எத்தனை மாதம் ஆகிறது என்று பார்த்துவரச் சொல்லுங்கள். குளிர்பெட்டியில் 4 டிகிரி நீரில் வைத்திருந்தாலும் 6 மாதம்தான் கணக்கு. அட்டவணையை அந்த 6 மாதம் முடியும் தேதியிலிருந்து பின்னோக்கிப் போடுவோம்.